சின்னச் சொற்களில் சிக்கும் ஆங்கிலம்

(நம் அறக்கட்டளையின் ஞாயிறு ஆங்கில வகுப்புத் தொடக்க நாளில், வகுப்பை நடத்தும் ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இந்த வகுப்பில் இலக்கணம் நடத்தப் போவதில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுச் சிலர், "இலக்கணம் இல்லாமல் என்ன ஆங்கிலம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களிடம் வருகிற பிள்ளைகளைப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள். "போஸ்ட்போன்" என்றால் தள்ளிவைப்பது என்று தெரியும். "கேன்சல்" தெரியும். "டாலரேட்", "இன்வெஸ்டிகேட்" போன்ற பெரிய பெரிய சொற்களும் தெரியும். அவர்களிடமே "புட் ஆஃப்" என்று சொன்னால் முழிக்கிறார்கள். "புட்" என்றால் வை, "ஆஃப்" என்றால் அணை. இரண்டும் சேர்ந்தால் என்ன? விளக்கை அணைத்து வைப்பதா? இல்லை. "புட் ஆஃப்" என்றாலும் தள்ளிவைப்பதுதான். "கால் ஆஃப்" என்றால் ரத்து செய்வது. "புட் அப் வித்" என்றால் பொறுத்துக்கொள்வது. "லுக் இன்டு" என்றால் விசாரிப்பது.

இங்கேதான் சிக்கல். பாடப்புத்தகத்தில் கடினமான சொல்லைப் படித்துவிட்டோம். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் வருவது இந்தச் சுலபமான சொல். அப், ஆஃப், அவுட், இன், ஓவர் என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சின்னச் சொற்கள் ஒரு வினையோடு ஒட்டிக்கொண்டதும் வேறு பொருள் ஆகிவிடுகிறது. வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு "யுவர் இன்டர்வியூ இஸ் புட் ஆஃப் டு மண்டே" என்று செய்தி வருகிறது என்று வையுங்கள். அதை ரத்து என்று படித்தவர் திங்கட்கிழமை வீட்டில் இருந்துவிடுவார். "கால்டு ஆஃப்" என்று வந்ததைத் தள்ளிவைப்பு என்று படித்தவர், வராத தேதிக்காகக் காத்திருப்பார். ஒரு சின்னச் சொல்லில் ஒரு வேலை போய்விடும்.

இந்தக் கூட்டுச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் "ஃப்ரேசல் வெர்ப்" என்று பெயர். பயந்துவிடாதீர்கள், பெயர் ஒன்றும் பழமையானதல்ல. லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925ல் தம் "வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்" என்ற நூலில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக் கொடுத்த பெயர் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். பெயர்தான் புதிது. பழக்கம் அந்த மொழியில் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. இலக்கணக்காரர்கள் பெயர் வைக்கும்வரை ஜனங்கள் காத்திருக்கவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறோம். இந்த வித்தை நமக்குப் புதிதே இல்லை. தமிழ் தெரியாத ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு நம் பேச்சைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான்" என்கிறோம். அவர் "விடு" என்று தேடுகிறார், "கொடு" என்று தேடுகிறார். விட்டானா, கொடுத்தானா? இரண்டும் இல்லை. விட்டுக்கொடுப்பது தனியாக ஒரு பொருள். ஆங்கிலத்தில் அதற்கு "கிவ் இன்". "பார்த்துக்கொள்" என்றால் கண்ணால் பார்ப்பது மட்டுமா? "அத்தாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகிற அம்மா, அத்தாவையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவா சொல்கிறார்கள்? மருந்து கொடு, சாப்பாடு கொடு, கவனி என்கிறார்கள். அதுதான் "லுக் ஆஃப்டர்". "கைவிடு" என்றால் "கிவ் அப்". "தள்ளிப்போடு" என்றால் நாம் முதலில் பார்த்த "புட் ஆஃப்". தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை, ஆனாலும் நமக்கு ஒரு நொடியில் புரிகிறது. ஏன்? அதை இரண்டு சொல்லாக நாம் கற்கவே இல்லை. ஒரே சொல்லாக, வீட்டில், காரியத்தோடு கேட்டுக் கற்றோம்.

ஓதிப் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு உதாரணம் சொல்லலாம். அரபியில் "ரகிப" என்று ஒரு வினை. அதனுடன் "ஃபீ" சேர்த்தால் ஒன்றை விரும்பினான் என்று பொருள். "அன்" சேர்த்தால் அதை வேண்டாமென்று ஒதுக்கினான் என்று பொருள். வினை ஒன்றே. பின்னால் வருகிற சின்னச் சொல் பொருளைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. மதரஸாவில் இதை உஸ்தாத் சொல்லிக் கொடுத்தபோது, "ஃபீ என்றால் உள்ளே, அன் என்றால் விட்டு" என்று தனித்தனியாகப் பிரித்து நாம் அல்லாடவில்லை. சேர்த்தே மனனம் செய்தோம். ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள் என்பதுதான் இந்த வகுப்பின் முழு ரகசியமும்.

போன் பேச்சிலிருந்து ஆரம்பிக்கலாம். முகம் தெரியாத இடத்தில்தான் இந்தச் சொற்கள் அதிகம் வரும். கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்கிறோம். அந்தப் பக்கத்தில் "ஹேங் ஆன்" என்கிறார்கள். அப்படியே லைனில் இருங்கள் என்று பொருள். "ஹோல்டு ஆன்" என்றாலும் அதுவே. "ஹேங் அப்" என்றால் நேர் எதிர், போனை வைத்துவிடுவது. பழைய காலத்தில் போன் பெட்டி சுவரில் இருக்கும், பேசி முடித்ததும் குழலை அதன் கொக்கியில் மாட்டுவார்கள். அந்த "மாட்டு" என்ற சொல்தான் இன்றும், கொக்கியே இல்லாத செல்போனிலும், நிலைத்துவிட்டது. "கெட் த்ரூ" என்றால் லைன் கிடைப்பது. "கட் ஆஃப்" என்றால் லைன் அறுந்துபோவது. "ஐ வில் கால் யூ பேக்" என்றால் நானே திருப்பிக் கூப்பிடுகிறேன், நீங்கள் வையுங்கள் என்று பொருள்.

இந்த "ஹேங் அப்" என்ற சொல்லை வயதானவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒரு மோசடி நடக்கிறது. போலீஸ், சி.பி.ஐ. என்று வேஷம் கட்டிக்கொண்டு வீடியோவில் கூப்பிடுவார்கள். உங்கள் ஆதாரில் வழக்கு இருக்கிறது என்பார்கள். "டோன்ட் ஹேங் அப்" என்று திரும்பத் திரும்ப மிரட்டுவார்கள், அதாவது போனை வைக்கக்கூடாது என்று. வீட்டில் யாரிடமும் பேசவிடாமல் பணத்தை அனுப்ப வைப்பதற்காகத்தான் அந்த வார்த்தை. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. அவர்கள் எதைச் செய்யாதே என்கிறார்களோ அதையே உடனே செய்யுங்கள். வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து ஆஸ்பத்திரி. பிள்ளைகள் வெளிநாட்டில், பேரன் பேத்திகள் ஆங்கிலத்திலேயே வளர்கிற வீடுகள் இங்கே நிறைய உண்டு. வீடியோ காலில் பேரன், "நன்னி, ஐ த்ரூ அப் இன் ஸ்கூல்" என்கிறான். நன்னி, "என்னத்தடா தங்கம் எறிஞ்சே, யார் மேல எறிஞ்சே?" என்று கேட்கிறார்கள். "த்ரோ" என்றால் எறி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவே பெரிய விஷயம். ஆனால் "த்ரோ அப்" என்றால் வாந்தி எடுப்பது. பக்கத்தில் இருந்த மகள் சொன்னபிறகு நன்னிக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. டாக்டர் "கட் டவுன் ஆன் சுகர்" என்றால் சர்க்கரையைக் குறையுங்கள் என்று பொருள். அடியோடு நிறுத்தச் சொன்னால் "கட் அவுட்". மருந்து "ரன் அவுட்" ஆகிவிட்டது என்றால் தீர்ந்துவிட்டது. ஊசியின் மரப்பு "வேர் ஆஃப்" ஆகும் என்றால் மெல்ல மெல்ல விலகும்.

"பாஸ்" என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் இறந்தால் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டோம். மௌத்தாகிவிட்டார்கள், வஃபாத்தாகிவிட்டார்கள் என்போம். ஆங்கிலத்திலும் அந்த மரியாதை உண்டு. "டைடு" என்பதை விட "பாஸ்டு அவே" என்பது பணிவு. ஆனால் "பாஸ்டு அவுட்" என்றால் மயங்கி விழுந்தார். ஒரு எழுத்துப் பிசகினால் மயங்கினவரை மௌத்தாக்கிவிடுவோம். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் நாட்டில் "ஐ பாஸ்டு அவுட் இன் 2019" என்று படிப்பு முடித்ததைச் சொல்கிறோம். இங்கே எல்லோருக்கும் புரியும், தப்பில்லை. லண்டனிலோ அமெரிக்காவிலோ சொன்னால், அந்த வருடம் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். வெளிநாட்டு இன்டர்வியூவில் "ஐ கிராஜுவேட்டட் இன் 2019" என்று சொல்லிப் பழகுங்கள். அதேபோல "கோப் அப் வித்" என்று நம்மூரில் நிறையப் பேர் சொல்கிறோம். அதில் "அப்" கிடையாது, "கோப் வித்" மட்டுமே. "அவுட் ஆஃப் ஸ்டேஷன்", "ப்ரீபோன்" இவையெல்லாம் நம் நாட்டு ஆங்கிலம். நம் நாட்டுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்த ஊரில் எது செல்லும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இனி வேலை ஒப்பந்தத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் துபாய், சவூதி, கத்தர், மலேசியா என்று போகாத குடும்பம் குறைவு. ஒப்பந்தத் தாள் ஆங்கிலத்தில் வரும். ஏஜென்ட், "எல்லாம் சரியா இருக்கு பாய், கையெழுத்து போடுங்க" என்பார். படிக்கத் தெரிந்தவர்களும் முழுதும் படிப்பதில்லை. படித்தாலும் இந்த "ஆஃப்" என்ற சின்னச் சொல்லில் வழுக்குகிறார்கள்.

"ஆஃப்" என்றதும் நம் மனதில் வருவது லீவு. "இன்னிக்கு எனக்கு ஆஃப்" என்கிறோம். ஒப்பந்தத்தில் "ஒன் டே ஆஃப் இன் எ வீக்" என்றிருந்தால் வாரம் ஒரு நாள் விடுமுறை, சரிதான். "லே ஆஃப்", "லெய்டு ஆஃப்" என்றிருந்தால் அது விடுமுறை அல்ல, ஆள் குறைப்பு. வேலையை விட்டு நிறுத்துவது. லீவு என்று நினைத்துச் சந்தோஷப்படக் கூடாத இடம். "செட் ஆஃப்" என்றால் பேச்சில் பயணம் கிளம்புவது. "வீ செட் ஆஃப் ஆஃப்டர் ஃபஜ்ர்" என்றால் ஃபஜ்ருக்குப் பிறகு கிளம்பினோம். ஆனால் ஒப்பந்தத்தில் "ஏர்ஃபேர் வில் பி செட் ஆஃப் அகெய்ன்ஸ்ட் ஃபைனல் செட்டில்மென்ட்" என்று இருந்தால், விமானம் கிளம்புவதைப் பற்றிய பேச்சே இல்லை. டிக்கெட் காசைக் கடைசியில் உங்களுக்குத் தர வேண்டிய கணக்கில் கழித்துக்கொள்வார்கள் என்று பொருள். அந்த ஒரு வரியில் உங்கள் கைக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி நிற்கிறது. "பே ஆஃப்" என்றால் கடனை முழுவதும் அடைப்பது. "சைன் ஆஃப்" என்றால் வேலை சரியாக முடிந்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது. அதன் பிறகு குறை சொன்னால் எடுபடாது.

"ஹேண்ட் ஓவர்" என்றால் ஒப்படைப்பது. எதை ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று அந்த வரியை இரண்டு முறை படியுங்கள். கருவியா, சீருடையா, அறைச் சாவியா, பாஸ்போர்ட்டா? "கேரி ஓவர்" என்றால் எடுக்காத லீவு அடுத்த வருடத்துக்குச் சேர்வது. "மேக் அப்" என்றதும் பெண்கள் பூசுகிற பூச்சு நினைவுக்கு வரும். "மேக் அப் த லாஸ்ட் அவர்ஸ்" என்றால் வேலை செய்யாமல் போன மணி நேரத்தை வேறொரு நாளில் ஈடுகட்ட வேண்டும் என்று அர்த்தம்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2016 முதல் அங்கே வேலைக்கான ஆஃபர் லெட்டரை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற இன்னொரு மொழியிலும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று யாராவது சொன்னால், அந்த ஏஜென்டைப் பற்றியே ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் இந்த வகுப்புக்கு அந்தத் தாளைக் கொண்டு வந்தாலும் சரி, சேர்ந்து படிக்கலாம்.

சின்னச் சொற்களுக்கென்று ஒரு குணம் உண்டா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஓரளவு உண்டு. "அப்" பல இடங்களில் நம் "விடு" மாதிரி வேலை செய்கிறது. "ஈட்" என்றால் சாப்பிடு, "ஈட் அப்" என்றால் சாப்பிட்டுவிடு, தட்டில் மீதி வைக்காதே. "யூஸ் அப்" என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. "ஆஃப்" பெரும்பாலும் விலகுவது, துண்டாவது. விமானம் தரையை விட்டு விலகினால் "டேக் ஆஃப்". பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றினாலும் "டேக் ஆஃப்". "அவுட்" வெளியே வருவது அல்லது தீர்ந்துபோவது. "ஃபைண்ட் அவுட்" என்றால் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருவது. ஆனால் இதை நம்பி முழுதும் ஊகிக்காதீர்கள். "டர்ன் அப்" என்றால் வந்து சேர்வது, "டர்ன் டவுன்" என்றால் மறுப்பது. மேலும் கீழும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? சம்பந்தம் பேசப் போய் "தே டர்ன்டு அஸ் டவுன்" என்றால், அவர்கள் நம்மைக் கவிழ்க்கவில்லை, பெண் தர மறுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு விதி மட்டும் சொல்கிறோம், இலக்கணம் இல்லை என்று சொன்ன வாக்குக்கு இது பெரிய பங்கம் இல்லை. "டர்ன் ஆஃப் த ஃபேன்" என்றும் சொல்லலாம், "டர்ன் த ஃபேன் ஆஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் ஃபேனுக்குப் பதில் "இட்" என்று சொன்னால் அது நடுவில்தான் வரும். "டர்ன் இட் ஆஃப்". "டர்ன் ஆஃப் இட்" என்று ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் சொல்ல மாட்டார். "லுக் ஆஃப்டர்" போல் பிரியாத சில உண்டு, அவற்றில் "லுக் ஆஃப்டர் இட்" என்றே வரும். எது பிரியும், எது பிரியாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். வாய்விட்டுப் பத்துமுறை சொன்னால் நாக்குக்கே தெரிந்துவிடும்.

இனி மரபுத்தொடர்கள். "இடியம்" என்பார்கள். இதில் எங்கள் கருத்து கொஞ்சம் கறாரானது. கடையில் விற்கிற "முப்பது நாளில் ஆங்கிலம்" வகைப் புத்தகங்களில் பெரும்பாலும் முதல் பக்கத்தில் "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" இருக்கும். நாயும் பூனையுமாக மழை கொட்டுகிறது என்று. இன்று ஆங்கிலேயரே அதை அதிகம் சொல்வதில்லை. "இட்ஸ் போரிங்" என்று சொன்னால் போதும். "கிக் த பக்கெட்" என்று ஒருவர் இறந்ததைச் சொல்வது கேலிப் பேச்சு. துக்க வீட்டில் சொன்னால் அடி விழும். இடியம்களைக் கேட்டால் புரிய வேண்டும், அது அவசியம். நாமே பேசுவதற்கு அவசரப்பட வேண்டாம். ஃப்ரேசல் வெர்ப் அன்றாடச் சோறு, இடியம் ஊறுகாய்.

புரிந்துகொள்வதற்கு நம் ஊரிலிருந்தே சில உதாரணம் பார்ப்போம். திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு. மாங்காய்ப் பூட்டு செய்கிற தெருவில் பிறந்த பிள்ளை, "லாக், ஸ்டாக் அண்ட் பேரல்" என்ற தொடரைக் கேட்டால் என்ன நினைப்பான்? பூட்டும், கடைச் சரக்கும், பீப்பாயும் என்று நினைப்பான். ஆனால் இந்த "லாக்" கதவுப் பூட்டே அல்ல. பழைய துப்பாக்கியின் மூன்று பாகங்கள் இவை. "லாக்" என்பது மருந்தைப் பற்றவைக்கிற விசை, "ஸ்டாக்" என்பது தோளில் வைக்கிற மரக்கட்டை, "பேரல்" என்பது குழல். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. எனவே "ஒன்று விடாமல் முழுவதும்" என்று பொருள். 1755 வாக்கில் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக வந்தபோது மலைக்கோட்டையில் இருந்த துப்பாக்கிகளும் அந்த வகையாகத்தான் இருந்திருக்கும். அவர் கடையை "லாக், ஸ்டாக் அண்ட் பேரல்" விற்றுவிட்டார் என்றால், சாமான், தளவாடம், பெயர்ப்பலகை எல்லாவற்றோடும் விற்றுவிட்டார். "அண்டர் லாக் அண்ட் கீ" என்பதில்தான் நம்மூர்ப் பூட்டு இருக்கிறது. பூட்டிப் பத்திரமாக வைப்பது.

அதே மாதிரி சுருட்டு. ஆங்கிலத்தின் "செரூட்" என்ற சொல்லே நம் "சுருட்டு"தான், தமிழிலிருந்து கப்பலேறிப் போனது. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் சீமைக்குப் போனது பெரியவர்களுக்குத் தெரியும். (புகைப்பது நல்லதல்ல. அது வேறொரு நாள் பேச்சு.) "க்ளோஸ், பட் நோ சிகார்" என்று ஒரு தொடர் உண்டு. அமெரிக்கத் திருவிழாத் திடல்களில் குறி பார்த்து எறிகிற விளையாட்டில் வென்றவருக்குச் சுருட்டு பரிசு தருவார்கள். நூலிழையில் தவறவிட்டவரிடம், "கிட்டத்தட்ட வந்துவிட்டாய், ஆனால் சுருட்டு இல்லை" என்று சொல்லி வந்த வழக்கு இது என்பார்கள். இரண்டு மார்க்கில் தேர்வு போன பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், போதும்.

பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு "ஹைடு" என்றால் மாட்டுத்தோல், "ஸ்கின்" என்றால் ஆட்டுத்தோல் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். "திக் ஸ்கின்டு" என்றால் எது சொன்னாலும் உறைக்காதவர். நாமும் எருமைத்தோல் என்கிறோமே, அதுதான். இப்படி இரண்டு மொழியும் ஒரே மாதிரி நினைக்கிற இடம் நிறைய. முதுகில் குத்துவதும், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதும் அங்கேயும் உண்டு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் மட்டும் அங்கே இரண்டு பறவையாகிவிட்டது.

ஆனால் ஒத்துப்போவது போல் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. அதில்தான் கவனம். "அவன் காலை வாரிவிட்டான்" என்றால் நமக்கு நம்பிக்கைத் துரோகம். "ஹி இஸ் புல்லிங் யுவர் லெக்" என்றால் ஆங்கிலத்தில் சும்மா வேடிக்கை செய்கிறான் என்றுதான் பொருள். கூட வேலை பார்ப்பவர் சிரித்துக்கொண்டே "ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்று சொன்னதைக் கேட்டு, இவர் என்னமோ துரோகம் செய்துவிட்டார் என்று பேச்சை நிறுத்திவிடாதீர்கள். நம் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டு போவதும் ஆகாது. "அவருக்குத் தலைக்கனம்" என்பதை "ஹெட் வெயிட்" என்றால் நமக்குள் மட்டும்தான் புரியும். "ஹி இஸ் ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்" என்பார்கள்.

இதையெல்லாம் எப்படி மனதில் நிறுத்துவது? நம் நன்னிமார்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். தமிழ் எழுத்துப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள்கூட அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள், படித்தார்கள். அரபுத்தமிழ் என்று எத்தனை மார்க்க நூல்கள், மாலைகள்! தெரிந்த எழுத்தை வைத்துக்கொண்டு தேவையானதைக் கற்றார்கள். அந்த வழியில், ஆங்கில எழுத்து சரளமாக வராத தாய்மார்கள் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெட்கமே வேண்டாம். "டர்ன் இட் ஆஃப்" என்று தமிழில் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டுங்கள். ஸ்பெல்லிங் பிறகு வரட்டும்.

நூறு ஃப்ரேசல் வெர்ப் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பலர் எங்களுக்கே அனுப்பியிருக்கிறீர்கள். ஜஸாக்கல்லாஹு கைரன். ஆனால் அதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஏ-யிலிருந்து வரிசையாகப் படித்தால் மூன்றாம் நாள் சலித்துவிடும். வாரத்துக்கு ஐந்து போதும். ஐந்தும் உங்கள் வீட்டில் நடக்கிற காரியமாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். "அம்மா லுக்ஸ் ஆஃப்டர் நன்னி." "வீ ரேன் அவுட் ஆஃப் கேஸ் ஆன் ஃப்ரைடே." பிறர் வாக்கியம் மறந்துவிடும், சொந்த வாக்கியம் மறக்காது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தேர்விலும் இவை வருவதால், அவர்கள் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலே அவர்களுக்குப் படித்ததாகிவிடும்.

சொல்லும்போது அழுத்தம் பின்னால் வருகிற சின்னச் சொல்லில் விழ வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். "கிவ் *அப்*", "டர்ன் *ஆஃப்*". வினையை அழுத்திச் சின்னச் சொல்லை முழுங்கிவிட்டால், எதிரில் இருப்பவருக்கு "கிவ்" மட்டும்தான் கேட்கும், எதைக் கொடுப்பது என்று தேடுவார்.

இந்த வாரத்துக்கான ஐந்து: டர்ன் ஆஃப், ரன் அவுட் ஆஃப், லுக் ஆஃப்டர், புட் ஆஃப், ஹேங் அப். ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழ் எழுத்திலா, ஆங்கில எழுத்திலா என்பது உங்கள் விருப்பம். இன்ஷா அல்லாஹ் அடுத்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு இதே இடத்தில் வகுப்பு. பெண்களுக்குத் தனி இட ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு வேலை ஒப்பந்தத் தாள் கையில் இருப்பவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதன் நகலைக் கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.